ஆளைத் தூக்கச் சொல்லித் தாருங்கள்: ஓய்வுபெற்ற சிற்றூழியர் ஒருவரின் திறந்த மடல்

வடமாகாண சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளை நடத்துகிற வைத்திய அத்தியட்சகர்களுக்கும்,

வணக்கம்.

நான் வன்னியில் 26 வருடம் வைத்தியசாலைச் சிற்றூழியராக வேலை செய்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்றவன். கடதாசியில் எங்கள் வேலைக்கு வேறு வேறு பெயர்கள் வந்து போயின, வாட்டில் எப்போதும் நாங்கள் சிற்றூழியர்தான். நோயாளியை ட்ரொலியில் ஏற்றுவது, இறக்குவது, எக்ஸ்ரேக்குக் கொண்டுபோவது, கட்டிலில் மேலே ஏற்றிவிடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, கழிவறைக்குக் கூட்டிப்போவது, கடைசியில் பிரேத அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது, எல்லாம் நாங்கள்தான். இந்த 26 வருடத்தில் ஒரு ஆளை எப்படித் தூக்கவேண்டும் என்று எனக்கு யாரும் ஒரு மணித்தியாலமாவது வகுப்பு வைத்துச் சொல்லித் தந்ததில்லை. நிலம் கழுவும் மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலக்கவேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். எந்தக் குப்பையை எந்த நிறப் பையில் போடவேண்டும் என்று வகுப்பு வைத்தார்கள். அவை தேவையான வகுப்புகள்தான். ஆளைத் தூக்குவதற்குப் பெலன் இருந்தால் காணும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

சரி, முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு முகம் இல்லை.

11 வருடத்துக்கு முன் ஒரு இரவுக் கடமை. மழைக்காலம், காய்ச்சல்காரர்களால் வாட் நிரம்பி வராந்தாவிலும் பாய் போட்டிருந்தது. அங்கே ஒரு ஐயா, 70 வயதிருக்கும், வயல்காரர், பாரிசவாதம் வந்து இடப்பக்கம் முழுதும் விழுந்துபோய் நான்கு நாள். தலையணையிலிருந்து வழுகி வழுகிக் கட்டிலின் நடுவுக்கு வந்துவிட்டார், நாடி நெஞ்சில் முட்டுகிறது, மூச்சு விடக் கஷ்டப்படுகிறார். கடமையில் நின்ற நேர்ஸ் பிள்ளை மற்ற அந்தத்தில் சேலைன் மாற்றிக்கொண்டு நின்றார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். கூப்பிடவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அது ஒரு ஆள் தனியாகச் செய்கிற வேலை என்றுதான் வந்த நாள் முதல் பழகியிருந்தேன். தலைமாட்டில் போய் நின்று, இரண்டு கையையும் அவருடைய கமக்கட்டுக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவையாக இழுத்தேன்.

ஐயா கத்தினார். என் இடது கைக்குள் ஏதோ வழுகி இறங்கினது மாதிரி இருந்தது. அந்த உணர்வு இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது. காலையில் பார்த்தால் இடது தோள் மற்றத் தோளைவிடப் பதிந்து கிடந்தது, மூட்டுக்கு மேலே விரல் வைத்தால் உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம். பாரிசவாதக்காரருக்கு அப்படித் தானாகவும் வரலாம் என்று வைத்தியர் சொன்னார், வரலாம்தான், ஆனால் அந்தத் தோளை அந்த இரவில் இறக்கியவன் நான். அவர் வீட்டுக்குப் போகிற நாளில் கால் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றத் தொடங்கியிருந்தது. கையை யாரும் தொட விடவில்லை, அவ்வளவு நோ. ஐயாவின் மனைவி, அந்த அம்மா, என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இரவிரவா முழிச்சு நிண்டு பார்த்தனீங்கள்" என்று சொல்லி ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டுப் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

அதற்குப் பிறகுதான் எங்கள் இயன்மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு கதிரையில் இருத்தி, என் தோளையே பிடித்துக் காட்டி விளங்கப்படுத்தினார். தோள் மூட்டு இடுப்பு மூட்டு மாதிரி ஆழமான கிண்ணத்துக்குள் இருக்கிற மூட்டு இல்லையாம், ஒரு தட்டில் பந்து வைத்த மாதிரி, சுற்றியிருக்கிற தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பாரிசவாதம் வந்து அந்தத் தசைகள் தளர்ந்துவிட்டால் பந்தைப் பிடிக்க ஒன்றும் இல்லை, கையின் பாரமே அதைக் கீழே இழுக்கும். அப்படிப்பட்ட தோளைக் கமக்கட்டில் பிடித்து உடம்பு முழுவதையும் இழுத்தால் என்ன ஆகும் என்று பிறகு அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. இப்படித் தூக்குவதை வேறு நாடுகளில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள், நோயாளிக்கும் கூடாது, தூக்குகிறவருக்கும் கூடாது என்றார். எல்லாமாக 20 நிமிடம். என் வேலையின் முதல் நாளில் அந்த 20 நிமிடம் எனக்குக் கிடைத்திருந்தால் அந்த ஐயா தன் கையால் சோற்றுக் கோப்பையைப் பிடித்திருப்பாரோ என்னவோ.

எனக்குத் தூக்கப் பழக்கியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூத்தவர், நல்ல மனுசன், "மூச்சைப் பிடி, நாரியைக் குடுத்துத் தூக்கு" என்றுதான் சொல்லித் தந்தார். அவருக்கு அவருடைய மூத்தவர் அப்படிச் சொல்லியிருப்பார். அவர் கடைசி ஐந்து வருடமும் நாரிப்பட்டி, அதுதான் நாரியைச் சுற்றி இறுக்குகிற இடுப்புப் பட்டி, கட்டிக்கொண்டுதான் கடமைக்கு வந்தார். பிறகு நானும் கட்டினேன். முள்ளந்தண்டின் அடியில் டிஸ்க் விலகி, இடது கால் பெருவிரல் வரை விறைத்து, கடைசி மூன்று வருடம் வெளிநோயாளர் பிரிவில் துண்டு கொடுக்கிற இடத்தில் இருத்தினார்கள். எங்கள் ஆட்களில் நாரி நோ இல்லாதவரை நீங்கள் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது, ஏனென்றால் நோயாளியைத் தூக்கி நாரி பிடித்தது என்று போய்ச் சொன்னால் "வேலை செய்யப் பஞ்சிப்படுகிறான்" என்று பெயர் வரும். ஆகவே வீட்டில் நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டு அடுத்த நாள் வருவோம். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் பிள்ளைகள் இப்போது அதே மாதிரி உருவிவிட்டு வருகிறார்கள்.

என் மகள் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். அவளைத் தேடி வாசிக்கச் சொன்னேன், எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். அமெரிக்காவில் தொழில் இடத்துப் பாதுகாப்பை ஆராய்கிற நையோஷ் என்ற அரச நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்த நிலையில் ஒரு ஆள் தூக்கத் தகுந்த பாரம் 23 கிலோ. பெட்டி மாதிரி, கைப்பிடி உள்ள, அசையாத, உடம்போடு அணைத்துப் பிடிக்கக்கூடிய சாமானுக்கு. நோயாளி என்று வந்தால் அது பொருந்தாது என்று அந்த நிறுவனத்தில் இருந்த தோமஸ் வோட்டர்ஸ் 2007இல் எழுதினார். நோயாளிக்கு அவர் சொன்ன அளவு 35 இறாத்தல், கிட்டத்தட்ட 16 கிலோ, அதுவும் நோயாளி ஒத்துழைக்கிற நேரத்தில். 70 கிலோ ஆள் ஒருவரின் ஒரு கால் மட்டும் 11 கிலோ வரும். அப்போது ஒருவர் தனியாகத் தூக்குவதற்கு எங்கே இடம் இருக்கிறது? நாரிப்பட்டியைப் பற்றியும் அதே நிறுவனம் 1994இல் சொல்லியிருக்கிறது, காயம் வராமல் அது காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று. நானும் என் மூத்தவரும் அத்தனை வருடம் இறுக்கிக் கட்டியது அந்தப் பட்டியைத்தான்.

எங்கள் பக்கத்தில் உர மூட்டை தூக்காத ஆள் குறைவு. 50 கிலோ மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு வரம்பில் நடக்கிற பெடியன்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதனால்தான் "மூட்டை தூக்குறவனுக்கு ஆள் தூக்கத் தெரியாதோ" என்று ஒரு எண்ணம் எங்களுக்குள்ளேயே ஊறிப்போயிருக்கிறது. மூட்டை பயந்து உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடிக்காது. மூட்டைக்குச் சலம் வடிகிற பையும் சேலைன் குழாயும் கிடையாது. பாதி வழியில் மூட்டைக்கு மயக்கம் வராது. மூட்டையை உடம்போடு அணைக்கலாம், கட்டிலில் கிடக்கிற ஆளைக் கை நீட்டிக் குனிந்துதான் பிடிக்கவேண்டும், பாரம் உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக நாரியில் விழுகிற சுமை பல மடங்காகிறது. இவ்வளவும் தெரியாமல்தான் நாங்கள் 26 வருடம் தூக்கினோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு நோயாளியை எத்தனை தரம் தூக்கவேண்டி வருகிறது என்று கொழும்பில் இருந்து திட்டம் எழுதுகிறவர்களுக்கு விளங்குமோ தெரியாது, ஆகவே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் ஒருவர் மரத்தால் விழுகிறார் என்று வையுங்கள். அயல் சனம் ஓடிவந்து, ஒருவர் தோளில் ஒருவர் காலில் பிடித்து, மடக்கி ஒரு ஓட்டோவுக்குள் இருத்துகிறார்கள், சில இடங்களில் லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டிதான். கிரவல் வீதியில் குலுங்கிக் குலுங்கிப் பக்கத்து ஆஸ்பத்திரி. அங்கே இறக்கி ட்ரொலி. ட்ரொலியிலிருந்து கட்டில். அங்கிருந்து நோயாளர் காவு வண்டியில் மாவட்ட வைத்தியசாலை. திரும்ப ட்ரொலி, எக்ஸ்ரே மேசை, திரும்ப ட்ரொலி, வாட்டில் கட்டில். முள்ளந்தண்டில் பிரச்சினை என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும், வடமாகாணத்தில் போதனா வைத்தியசாலை அது ஒன்றுதான். பரந்தன் முல்லைத்தீவு வீதியால் வந்து ஏ9இல் ஏறி ஆனையிறவு தாண்டி, அங்கே போய் மறுபடியும் ட்ரொலி, மேசை, கட்டில். எண்ணிப் பாருங்கள், ஒரு நாளுக்குள் பத்துத் தரத்துக்கு மேல். கழுத்தெலும்போ முதுகெலும்போ உடைந்த ஆள் என்றால் அந்தப் பத்தில் ஒன்று பிழையாகப் போனாலே காணும், நடந்து திரிந்திருக்கக்கூடியவர் பிறகு சக்கர நாற்காலிதான்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய நோயாளர் காவு வண்டி 2018இல் எங்கள் மாகாணத்துக்கும் வந்தது, அது பெரிய விஷயம். அந்த வண்டியில் வருகிற பிள்ளைகள் ஆளை எடுக்கும்போது கவனித்திருக்கிறேன். தலையைப் பிடிக்கிறவர்தான் கட்டளை சொல்வார், "ஒன்று, இரண்டு, மூன்று" என்று அவர் எண்ணி முடிக்கிறவரை ஒருவரும் அசைய மாட்டார்கள். பயிற்சி என்றால் என்ன என்று எனக்குக் கண்ணால் காட்டியது அதுதான். அவர்கள் அவ்வளவு பக்குவமாகக் கொண்டுவந்த ஆளை நாங்கள் வாங்குகிற இடத்தில், ஆளுக்கொரு பக்கம், எண்ணாமல், "பிடி பிடி" என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு மாற்றுகிறோம். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம். எழுதக் கை தயங்குகிறது, ஆனால் வன்னியில் இருந்துகொண்டு இதை எழுதாமல் விட ஏலாது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், நாங்கள் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து இடம் மாறி இடம் மாறிக் கடைசியில் மாத்தளன் பள்ளிக்கூடத்தில் நின்றபோது, ஆட்களைக் கொண்டுவந்தது சாரத்திலும் படங்கிலும் உரப்பையிலும். இரண்டு தடியில் சாரத்தைக் கோத்து முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் முறை பார்க்க முடியாது, உயிரோடு கொண்டுவந்ததே பெரிது. ஆனால் அதற்குப் பிறகு இத்தனை வருடம் போய்விட்டது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத பெடியன்களும் பெட்டைகளும், அன்றைக்கு 20 வயது, இன்றைக்கு 40 நெருங்குகிறவர்கள், எங்கள் கிராமங்கள்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் காய்ச்சல் என்று வந்தாலும், சலத்தில் கிருமி என்று வந்தாலும், அவர்களைக் கட்டிலில் ஏற்றி இறக்குகிற ஒவ்வொரு தரமும் ஆபத்துதான்.

ஏன் என்றால், அவர்களுக்கு நோகாது. விரிப்பின் மேல் இழுத்து மேலே ஏற்றும்போது மேல்தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பும் சதையும் நகரும், இடையில் இருக்கிற சின்ன இரத்தக் குழாய்கள் முறுகி அடைபடும். எனக்கும் உங்களுக்கும் என்றால் சுள்ளென்று நோகும், "ஐயோ விடு" என்போம். அவருக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து நாரிக்குக் கீழே ஒரு சிவப்புத் தழும்பு, பிறகு கொப்புளம், பிறகு எலும்பு தெரிகிற புண். மூன்று நாள் காய்ச்சலுக்கு வந்த ஒரு தம்பி, ஆஸ்பத்திரியில் வந்த படுக்கைப் புண்ணோடு வீட்டுக்குப் போய், எட்டு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்ததை எனக்குத் தெரியும். ஒரு விரிப்பை இழுக்காமல் தூக்கி வைத்திருந்தால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றியிருந்தால் வந்திருக்காத புண். அவரே எங்களிடம் சொன்னார், "அண்ணை, என்னைக் கேட்டு எடுங்கோ, எப்பிடி எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியும்" என்று. நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்கு அவசரம். அவர்களிடம் கேட்டே நீங்கள் ஒரு பாடத்திட்டம் எழுதலாம், இத்தனை வருடம் தங்கள் உடம்பைத் தாங்களே கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றி வாழ்கிறவர்கள், அவர்களைவிட இது தெரிந்தவர் யார்?

சரி, இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன்.

பயிற்சி வேண்டும், ஆனால் பயிற்சி மட்டும் காணாது. இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் முதலில் நானும் வகுப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதால் மட்டும் தொழிலாளரின் முதுகு நோ குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 2011இல் சொல்லியிருப்பதாக மகள் வாசித்துக் காட்டினாள். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். முழங்காலை மடி, முதுகை நிமிர்த்து என்று எத்தனை தரம் சொன்னாலும், 80 கிலோ ஆளைத் தனியாக இழுக்க விட்டால் எந்த முழங்காலும் காப்பாற்றாது. பிரித்தானியாவில் 1992இல் வந்த விதிமுறைகள் அதனால்தான் எப்படித் தூக்குவது என்று தொடங்கவில்லை, ஆபத்தான தூக்குதலை முடிந்தவரை தவிர், தவிர்க்க முடியாததை முதலில் மதிப்பிடு, பிறகு ஆபத்தைக் குறை என்று வேலை கொடுப்பவர் மேல் பொறுப்பைப் போடுகின்றன. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் 1998இல் தாதியர் சங்கமே கையால் தூக்குவதில்லை என்ற கொள்கையைக் கொண்டுவந்தது, மாநில அரசு உபகரணத்துக்குப் பணம் கொடுத்தது, காயங்கள் குறைந்தன. உபகரணமும் விதியும் பயிற்சியும் ஒன்றாகப் போகவேண்டும்.

உபகரணம் என்றவுடன் கோடிக் கணக்கு என்று நினைக்கவேண்டாம். கட்டிலில் ஆளை மேலே ஏற்றுவதற்கு வழுக்குத் துணி என்று ஒன்று இருக்கிறது, குடைத் துணி மாதிரி வழுவழுப்பான நைலோனை இரண்டு மடிப்பாக ஆளுக்குக் கீழே விட்டு இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்தால், தூக்காமலே வழுகி மேலே போவார். எங்கள் ஊர்த் தையல்காரர் தைக்கலாம். ட்ரொலிக்கும் கட்டிலுக்கும் இடையில் பாலமாகப் போடுகிற வழுக்குப் பலகை, சக்கர நாற்காலிக்கு மாறுகிறவருக்குச் சின்னப் பலகை, இடுப்பில் கட்டிப் பிடிக்கிற அகலமான பட்டி. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வழுக்குப் பலகை செய்து தரச் சொன்னால் மாட்டேன் என்பார்களா? எல்லாவற்றுக்கும் முதல் ட்ரொலிகளின் பிரேக்கைத் திருத்துங்கள். பிரேக் பிடிக்காத ட்ரொலியை என் தொடையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு ஆள் மாற்றிய நாட்களை நான் எண்ணவில்லை.

பெரிய தூக்கி இயந்திரமும் தேவைதான், மருத்துவ வாட்டுக்கு ஒன்று, சத்திரசிகிச்சை வாட்டுக்கு ஒன்று. ஆனால் நான் வேலை செய்த இடத்தில் அப்படி ஒன்று வந்தது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் காசு சேர்த்து அனுப்பியது. படம் எடுத்தார்கள், மாலை போட்டார்கள். அதோடு வந்த, ஆளைத் தாங்குகிற தொட்டில் துணி ஒன்றே ஒன்று, அது சலவைக்குப் போய்த் திரும்பி வரவில்லை, பற்றரிக்கு மின்னேற்றுகிற பெட்டி எது என்று ஒருவருக்கும் தெரியாது, இயக்கச் சொல்லித் தர ஆள் இல்லை. நான் ஓய்வுபெறும்போது அது ஸ்டோரில் பொலித்தீன் உறையோடு நின்றது, அதன் கொக்கியில் யாரோ விளக்குமாறு கொழுவியிருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் மனதுக்கு நன்றி, ஆனால் இயந்திரம் அனுப்பினால் மூன்று நான்கு தொட்டில் துணியும் அனுப்புங்கள், அங்கே பராமரிப்பு வேலை செய்கிற எத்தனையோ எங்கள் பிள்ளைகள் லீவில் வருகிறார்கள், ஒரு நாள் வாட்டுக்கு வந்து பாவித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சியைப் பற்றி. மண்டபத்தில் கதிரை போட்டு, திரையில் படம் காட்டி, வடையும் தேத்தண்ணியும் தந்து, பின்னேரம் சான்றிதழோடு அனுப்புகிற பயிற்சி வேண்டாம். அப்படி வேறு விஷயங்களுக்கு நடந்தவற்றில் நான் இருந்திருக்கிறேன், அடுத்த கிழமை ஒன்றும் ஞாபகம் இருக்காது. கட்டிலில் எங்களில் ஒருவரைப் படுக்க வையுங்கள். மற்றவர்கள் அவரை எடுக்கட்டும். பிறகு எடுத்தவர் படுக்கட்டும். தூக்கப்படுகிறவனுக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்கு 50 வயதுக்கு மேல்தான் தெரிந்தது, என் நாரி பிடித்து என்னையே ட்ரொலியில் ஏற்றிய நாளில். சொல்லாமல் தூக்கினார்கள். நான் கட்டில் சட்டத்தை எட்டிப் பிடித்தேன், நோயாளிகள் அப்படிப் பிடிக்கும்போது "விடுங்கோ ஐயா" என்று அதட்டியவன்தான் நான்.

சிற்றூழியருக்கு முதலில் நடத்துங்கள், தாதியரையும் அதே அறையில் அதே நாளில் இருத்துங்கள். சேர்ந்து தூக்குகிறவர்கள் சேர்ந்து பழகாவிட்டால் எண்ணிக்கை ஒத்துவராது, அதோடு நடு இரவில் ஒரு சிற்றூழியர் "மிஸ், ஒருக்கா பிடியுங்கோ" என்று கூச்சமில்லாமல் கூப்பிடுவதற்கும் அது தேவை. கடமை நேரத்திலேயே நடத்துங்கள், லீவு நாளில் வரச் சொல்லாதீர்கள். எங்கள் இயன்மருத்துவர்கள் இருக்கிறார்கள், வெளியில் இருந்து ஆள் தேடத் தேவையில்லை, அவர்களுக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் காணும். ஒவ்வொரு வாட்டிலும் நன்றாகப் பழகிய ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள், புதிதாக வருகிறவர் முதல் மாதம் அவரோடு நிற்கட்டும். வருடத்துக்கு ஒருதரம் எல்லோரையும் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள், கை பழையபடி கமக்கட்டுக்குத்தான் போகும், எனக்குத் தெரியும்.

என்ன சொல்லித் தரவேண்டும் என்பது பெரிய வித்தை இல்லை. எழும்பக்கூடியவரைத் தூக்காமல் எழும்ப வைப்பது: கட்டில் ஓரத்துக்கு வரச் செய்து, பாதத்தை முழங்காலுக்குக் கீழே உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வருகிற மாதிரி முன்னுக்குச் சாய்ந்தால் பாதிப் பேர் தாங்களே எழும்புவார்கள், நாங்கள் பக்கத்தில் நின்றால் காணும். பாரிசவாதக்காரருக்கு நாற்காலியை நல்ல பக்கத்தில் வைப்பது, பிரேக் போடுவது, கால் தட்டை மடக்குவது, இயலாத கையை ஒருபோதும் பிடித்து இழுக்காதது. முதுகெலும்பு உடைந்தவர் என்றால் தலைக்கு ஒருவர், உடம்புக்கு மூன்று பேர், மரக்குற்றி உருட்டுகிற மாதிரி ஒன்றாக உருட்டுவது, தலையைப் பிடிக்கிறவர் சொல்லும்வரை யாரும் தொடங்காதது. மேலே ஏற்றுவதற்கு எப்போதும் இரண்டு பேர், வழுக்குத் துணி. அப்புறம் எல்லோருக்கும், மயக்கத்தில் கிடக்கிறவருக்கும்கூட, தொட முன்னம் சொல்வது: "ஐயா, உங்களை இப்ப வலப்பக்கம் திருப்பப் போறம்."

வீட்டுக்குக் கொண்டுபோகிற சனத்துக்கும் இதைச் சொல்லித் தந்து அனுப்புங்கள். துண்டு வெட்டுகிற அன்று ஒரு அரை மணித்தியாலம், மனைவியையோ மகளையோ கட்டிலடிக்குக் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே இரண்டு தரம் திருப்ப வைத்துப் பார்த்து அனுப்பினால், பிறகு புண்ணோடு திரும்பி வருகிறவர்கள் குறைவார்கள். எங்கள் கிராமங்களில் கணவன் இல்லாத, தனியாகக் குடும்பம் பார்க்கிற பெண்கள் நிறைய. இயலாமல் கிடக்கிற தகப்பனையோ மகனையோ கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிக்க வார்க்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய நாரிக்கு எந்த வைத்தியசாலையிலும் பதிவு இல்லை.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள், உண்மைதான், இரவில் இரண்டு வாட்டுக்கு ஒரு சிற்றூழியர் நின்ற காலமும் உண்டு. ஆனால் அதையே காரணமாகச் சொல்லி இதைத் தள்ளிப் போடாதீர்கள், ஆள் குறைந்த இடத்தில்தான் ஒவ்வொரு நாரியும் தேவை. காயம் வந்தால் எழுத ஒரு புத்தகம் வையுங்கள், எழுதுகிறவரைத் திட்டவேண்டாம் என்று பொறுப்பாளர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு வருடம் எழுதினால் எந்த வாட்டில், எந்த நேரத்தில், எந்த வேலையில் ஆள் முறிகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

அந்த ஐயா காலமாகிவிட்டார். அவருடைய மனைவி, அந்த அம்மா, இருக்கிறார். போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் போய், அந்த இரவு நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அவருக்கு அந்தக் கை கடைசி மட்டும் நோதான் தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அங்கிருந்து வந்த அன்றிரவுதான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன், முடிக்க இத்தனை நாள் எடுத்தது.

நீங்கள் பயிற்சி வைப்பதாக இருந்தால் எனக்கு ஆள் சொல்லி அனுப்புங்கள், எந்த வைத்தியசாலை என்றாலும் பஸ் ஏறி வருவேன், காசு வேண்டாம். இனி என்னால் ஒருவரையும் தூக்க ஏலாது. ஆனால் நோயாளியாகக் கட்டிலில் படுத்துக் கிடக்க ஏலும். உங்கள் புதுப் பிள்ளைகள் என்னைத் தூக்கிப் பழகட்டும், எங்கே பிடித்தால் நோகிறது என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவர்,
வன்னி